வால்வு ரேடியோகிராமை வாங்கிப் பாட வைப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் பட்டாலை ஓரமாகவோ இரண்டாங்கட்டு அறையிலோ அலமாரி மாதிரி ஒரு பெட்டி நிற்கும். மேல் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு ஓடும் பகுதி, முன்னால் கண்ணாடி டயல், கீழே துணி மூடிய ஸ்பீக்கர். அதுதான் ரேடியோகிராம். பழைய செட் என்றால் உள்ளே வேலை செய்வது வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்கள். இப்படி ஒன்றை வாங்கி ஓட வைக்கலாம் என்று நான் இறங்கியபோது தமிழில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. கேட்ட மெக்கானிக்குகளில் பாதிப் பேர் "உள்ளே இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு ப்ளூடூத் ஆம்ப் வெச்சுடலாம் சார்" என்றார்கள். அதைச் செய்வதற்கு ஒரு காலிப் பெட்டியே போதுமே. உள்ளே இருப்பதையே பாட வைக்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: பிளக்கைச் சுவரில் செருகுவது கடைசிப் பக்கத்து வேலை. பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை "ஓடுதான்னு பார்ப்போம்" என்று நேரடியாக 230 வோல்ட்டில் போட்டால், அதுவரை பிழைத்துக் கிடந்த டிரான்ஸ்பார்மர் அன்றைக்கே போய்விடலாம்.

இன்னொன்று. இதற்குள் 250, 300 வோல்ட் டிசி ஓடும். அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். ஈயம் வைத்துப் (சால்டரிங்) பழக்கமில்லாதவர்கள் 1 முதல் 4 வரை உள்ள வேலைகளையும் மரவேலையையும் தாங்களே பார்த்துக்கொண்டு, நடுவில் வரும் மின்வேலையை வால்வு செட் பார்த்த பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். அப்போதும் 5, 6, 7ஐப் படித்துவிட்டுப் போங்கள், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

1. யாருடைய பொருள்?

மற்ற ஊர்களில் இது ஒரு கேள்வியே இல்லை. இங்கே இதுதான் முதல் கேள்வி. வீட்டில் இருப்பவர் ஒருவர், பங்கு பலருக்கு, அதில் ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் "எடுத்துட்டுப் போங்க, செட்டியார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். பணம் கொடுத்த பிறகு ஒரு பங்காளி போன் போட்டு "அது எங்க அப்பச்சி வாங்கினது" என்றால் பெட்டியும் திரும்பிப் போகும், உங்கள் பேரும் கெடும்.

எல்லாரும் ஒன்றாகக் கிடைக்கும் சமயம் முன்னோரைக் கும்பிடும் படைப்பும் கல்யாணமும். அதற்குப் பங்காளிகள் ஊருக்கு வருவார்கள், பூட்டிய அறைகள் திறக்கும், எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்ற பேச்சும் அப்போதுதான் வரும். வீட்டில் மூத்த ஆச்சி இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனாலும் வெளியூரில் இருப்பவர்களின் சம்மதத்தை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிச் சேமித்து வையுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டால் விலைதான் ஏறும்.

வீட்டுப் பேச்சே வேண்டாம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள் இருக்கின்றன. விலை கூடுதல், பங்காளித் தலைவலி கிடையாது.

2. பார்க்கப் போகும்போது

டார்ச், ஸ்குரு டிரைவர், மல்டிமீட்டர் மூன்றையும் எடுத்துப்போங்கள். பின்பலகையைக் கழற்ற விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

மரத்தின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுவதுதான் புதிதாக வருபவர்களின் முதல் சறுக்கல். மரத்தை ஆசாரி சரிசெய்துவிடுவார். உடைந்த டயல் கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி கிடைப்பது குதிரைக்கொம்பு. எரிந்த மெயின் டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்ற ஆள் தேட வேண்டும். தட்டு மாற்றும் பொறியில் நடுத் தண்டோ ஊசிக்கையின் தலையோ காணாமல் போயிருந்தால் அதே மாடலில் இன்னொரு செட்டை வாங்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் நான் பார்க்கும் வரிசை இப்படி: டயல் கண்ணாடி, டிரான்ஸ்பார்மர், ரெக்கார்டு பொறி முழுசாக இருக்கிறதா, ஸ்பீக்கர் காகிதம், அப்புறம் வால்வு, கடைசியில் மரம்.

வால்வுகளின் கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது வெள்ளையாகப் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. டிரான்ஸ்பார்மரை முகர்ந்து பாருங்கள், கருகின தார் வாடை அடித்தால் விலகிவிடுங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து (பிளக் சுவரில் இல்லாதபோது, செட் சுவிட்சை ஆன் செய்து) பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே அளந்தால் டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில் சில பத்து ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஒயரோ பியூஸோ சுவிட்சோ சுற்றோ எங்கோ அறுந்திருக்கிறது.

பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 117 வோல்ட், 60 சைக்கிள் என்று இருந்தால் அமெரிக்க செட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை இறக்கித் தரும், ஆனால் நம்முடைய 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு 65 சுற்றில் அழுதுகொண்டே பாடும். ரேடியோ மட்டும் போதும் என்றால் வாங்கலாம்.

"சார், சுத்தமான பர்மா தேக்கு" என்பது இங்கே எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் வசனம். வீட்டுத் தூண் பர்மா தேக்காக இருக்கலாம். ரேடியோகிராம் பெட்டி பெரும்பாலும் பிளைவுட்டின் மேல் வினீர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டியது. விளிம்பில் பார்த்தாலே அடுக்கு தெரியும். அது குறையல்ல, கம்பெனியே அப்படித்தான் செய்தது. ஆனால் தேக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

விற்பவர் "போட்டுக் காட்டுறேன்" என்று பிளக்கை எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஓடாத விலைக்கே பேசுங்கள்.

3. விலையும் சீட்டும்

விலைக்கு ஒரு சட்டமும் இல்லை. நான் கேட்டுப் பார்த்த வரையில் ஓடாத, முழுசான செட் வீடுகளில் பத்தாயிரத்துக்குள்ளேயும் கிடைக்கும், கடைகளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கும் சொல்வார்கள். "ஓடுது" என்று அதிகம் கேட்டால் அந்த அதிகத்தைக் கொடுக்காதீர்கள். ஓடும் செட்டுக்கும் கீழே சொல்லும் அத்தனை வேலையும் உண்டு.

சீட்டு கட்டாயம் எழுதி வாங்குங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் திருட்டு நடப்பது இந்தப் பக்கம் புதிதல்ல, பழைய பொருளை வண்டியில் ஏற்றிப் போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் கையில் காகிதம் இருக்க வேண்டும். கம்பெனி பெயர், மாடல், தகட்டில் உள்ள வரிசை எண், விலை, தேதி, விற்பவரின் முகவரி, "பங்குதாரர் அனைவரின் சம்மதத்துடன்" என்ற ஒரு வரி, கையெழுத்து. பெட்டியின் போட்டோவை அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

தபால் ஆபீஸில் கட்டிய பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அந்த லைசென்ஸ் முறை 1980களிலேயே போய்விட்டது, இப்போது எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் பெட்டி அந்த வீட்டுடையதுதான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தில் பொதுவாக 100 வருடம் கடந்த பொருள்களைத்தான் தொல்பொருள் என்கிறார்கள், 1950, 60களின் ரேடியோகிராம் அதில் வராது. ஆனால் சுங்கத்தில் இருப்பவருக்கு அது பார்வைக்குப் பழசு. இந்தியத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

4. வண்டியில் ஏற்றுவது

ஆள் இரண்டு பேர், குட்டியானை ஒன்று, பழைய ஜமுக்காளம் நாலு. பெட்டி நின்ற நிலையிலேயே போக வேண்டும். ரெக்கார்டு பொறி ஸ்பிரிங்கின் மேல் மிதந்துகொண்டிருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் பெரும்பாலான மாடல்களில் மேல் தகட்டிலேயே தெரியும். பயணத்துக்கு முன் அதை இறுக்கி, வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். ஊசிக்கையைத் துணிப்பட்டையால் கட்டுங்கள். சுழலும் தட்டும் நடுத் தண்டும் கழலுமானால் கழற்றித் தனியாக எடுத்துப்போங்கள். வால்வுகளைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போக மூவாயிரம், நாலாயிரம் கேட்பார்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் மூடாத வண்டியில் போனால் வினீர் வீட்டுக்கு வரும்போது எழும்பியிருக்கும்.

5. சாசிஸை வெளியே எடுத்து, எந்த ரகம் என்று பாருங்கள்

குமிழ்களைக் கழற்றி, அடியில் உள்ள போல்ட்டுகளை எடுத்தால் சாசிஸ், அதாவது வால்வுகளும் மின்பாகங்களும் பொருத்திய உலோகத் தகடு, வெளியே வரும். ஒவ்வொரு ஒயரையும் கழற்றும் முன் போட்டோ. எலிக்கூடு இருக்கும், கரப்பான் முட்டை இருக்கும், மாஸ்க் போட்டுக்கொண்டு பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். வால்வுகளின் மேல் எழுதியிருக்கும் எண்ணை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து போய்விடும், அதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. ஈசிஎச் 81, ஈஎல் 84, ஈஇசட் 80 என்று 'ஈ'யில் (E) தொடங்கினால் 6.3 வோல்ட் வால்வுகள், அநேகமாக டிரான்ஸ்பார்மர் உள்ள செட். யூசிஎச் 81, யூஎல் 84, யூஒய் 85 என்று 'யூ'வில் (U) தொடங்கினால் ஏசி டிசி செட்டாக இருக்கலாம்: வால்வுகளைச் சூடாக்கும் இழைகளான ஹீட்டர்கள் வரிசையாக மெயினிலேயே மாட்டியிருக்கும், சாசிஸ் தகடே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் இரும்புத் தகடு முழுக்க 230 வோல்ட். குமிழின் திருகைத் தொட்டாலே போதும்.

டிரான்ஸ்பார்மர் செட்டுக்குப் பழைய ரப்பர் ஒயரை எடுத்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு எர்த்தைச் சாசிஸில் இணையுங்கள், ஒரு ஆம்பியர் பியூஸும் போடுங்கள். இதே வேலையை ஏசி டிசி செட்டில் செய்யவே கூடாது. அதற்கு வேலைமேசையில், செட்டை மெயினிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது இல்லையென்றால் அந்த ரகத்தைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். முதல் செட்டாக 'ஈ' வரிசை டிரான்ஸ்பார்மர் செட்டையே வாங்குங்கள்.

பின்னால் வோல்டேஜ் தேர்வுக் கட்டை இருந்தால் 240 அல்லது அதற்கு மேல் உள்ள அளவில் வையுங்கள். 220இல் விட்டால் வால்வுகளுக்கு ஆயுள் குறையும்.

6. கண்டென்சர்: காசும் நேரமும் போக வேண்டிய இடம்

பழைய செட் ஓடாததற்கும், ஓடி எரிவதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம்.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சோதித்துப் பார்க்கவே வேண்டாம். அதிலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் கண்டென்சர் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மைக்ரோபாரட். அது கசிந்தால் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, உள்ளே தகடு சிவந்து, கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். நேரம் இல்லாதவர்கள் இதை ஒன்றையாவது மாற்றாமல் செட்டைப் போடாதீர்கள். புதிதாகப் போடுவது 630 வோல்ட் பிலிம் கண்டென்சர். மெயின் ஒயருக்குக் குறுக்கே உள்ளதற்கு மட்டும் எக்ஸ்2 (X2) என்று அச்சிட்டது வேண்டும், சாதாரணமானதைப் போடாதீர்கள்.

அடுத்தது பெரிய அலுமினியக் குப்பி, எலக்ட்ரோலிட்டிக். 32+32, 50+50 என்று எழுதியிருக்கும். பழையதை அழகுக்கு மேலேயே விட்டுவிட்டு, அதன் ஒயர்களைத் துண்டித்து, அடியில் 450 வோல்ட் புதியதை மாட்டுங்கள். துண்டிக்காமல் பக்கத்திலேயே சேர்த்து மாட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஹம் என்ற உறுமல் குறையும், ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும். முனைகளை மாற்றி வைத்தால் வெடிக்கும், இரண்டு முறை பாருங்கள்.

பீங்கான், மைக்கா கண்டென்சர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து, எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள்.

ஜெர்மன் செட்கள் பலவற்றில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வால்வுக்குப் பதிலாகத் தட்டையான செலினியம் கட்டை இருக்கும். எரிந்தால் அழுகின முள்ளங்கி வாடை, அந்தப் புகை விஷம். சிலிக்கன் டயோட் போடலாம், ஆனால் வோல்டேஜ் ஏறும் என்பதால் கூடவே ஒரு ரெசிஸ்டரும் வேண்டும்.

சாசிஸ் மேல் சதுர அலுமினிய டப்பாக்கள் இருக்கும், அவற்றின் துளையில் சின்னத் திருகு தெரியும். "லூஸா இருக்கே" என்று அதை இறுக்காதீர்கள்! அவை ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் ஐஎப் காயில்கள், கம்பெனியில் அளவு பார்த்து வைத்தவை. திருப்பினால் ஸ்டேஷன் எடுக்காது, சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திரும்பச் சரிசெய்யவும் முடியாது.

ஒரு செட்டுக்கான கண்டென்சர்கள் எல்லாம் சேர்த்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். வால்வுதான் செலவு, ஒவ்வொன்றும் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். அதனால் புதிய வால்வை முன்னாலேயே வாங்கி அடுக்காதீர்கள், செட் ஓடிய பிறகு எது பலவீனம் என்று பார்த்து வாங்குங்கள்.

7. முதல் மின்சாரம்

எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரீஸ் போர்டு தெரியுமல்லவா, அதுதான் வேண்டும். செட்டுக்கு வரிசையாக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கர் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

முதலில் ரெக்டிபயர் வால்வை எடுத்துவிட்டுப் போடுங்கள். குண்டு பல்பு கொஞ்சம் மினுங்கி மங்க வேண்டும், மற்ற வால்வுகளின் ஹீட்டர் மெல்லிய ஆரஞ்சாகத் தெரிய வேண்டும். பல்பு முழு வெளிச்சமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். இது சரியாக இருந்தால் அணைத்து, ரெக்டிபயரை வைத்து, மறுபடி. அரை நிமிடம் கழித்து ஸ்பீக்கரில் லேசான ஹம் வரும். ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் அளப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம், அதைப் பின்பற்றுங்கள். அணைத்த பிறகு கண்டென்சரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

குமிழைத் திருப்பும்போது கரகர என்றால் காண்டாக்ட் கிளீனர், அதுவும் துளி அளவு. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை, மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மாற்றும் பேண்ட் சுவிட்சில் அடித்து விடாதீர்கள்.

8. ரெக்கார்டு ஓடும் பகுதி

பழைய கிரீஸ் கோந்து மாதிரி இறுகியிருக்கும். பொறி நகரவில்லை என்று கையால் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் லீவர் உடையும். பெட்ரோல் தொட்ட துணியால் (வெளியில், வளவு என்கிற திறந்த முற்றத்தில் உட்கார்ந்து, பீடி சிகரெட் இல்லாமல்) பழையதை முழுக்கத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். மோட்டாரையும் தட்டையும் தொடும் ரப்பர் சக்கரத்தில் எண்ணெய் படக் கூடாது. அது கெட்டிப்பட்டிருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

ஊசித்தலையில் கிரிஸ்டல் வகை இருந்தால் ஈரம் உறிஞ்சிச் செத்திருக்கும், சத்தமே வராது. செராமிக் வகையை மாட்டுங்கள். 78 தட்டுக்கு அகல ஊசி, எல்பி எனும் பிற்கால நெடுநேரத் தட்டுக்கு மெல்லிய ஊசி, திருப்பிப் போடும் தலையில் இரண்டும் இருக்கும். மாற்றிப் போட்டால் எல்பி பாழ். ஸ்டீரியோ எல்பிகளைப் பழைய மோனோ தலையில் ஓட்டாதீர்கள்.

எல்பியைத் துடைக்கும் ஸ்பிரிட் கலவையை 78 தட்டில் தொடவே கூடாது. அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரையும்.

9. மரமும் கண்ணாடியும்

டயல் கண்ணாடியின் எழுத்து பின்பக்கம் பெயின்டில் அச்சிட்டது. தண்ணீரோ சோப்போ பட்டால் ஊர்ப் பெயரெல்லாம் வழிந்துவிடும். பின்பக்கம் காய்ந்த மெல்லிய பிரஷ் மட்டும். ஸ்பீக்கர் துணியைத் துவைக்காதீர்கள், சுருங்கும்.

எழும்பிய வினீர் பழைய வஜ்ரப் பசையில் ஒட்டியதாக இருந்தால் துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி வைத்தாலே பல இடங்களில் திரும்ப ஒட்டும். உளுத்த துளைகளில் பூச்சி மருந்தை ஊசியால் செலுத்தி, பிளாஸ்டிக் சுற்றிச் சில நாள் விடுங்கள். ஆசாரியிடம் கொடுத்தால் முதலில் சொல்ல வேண்டியது: மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள். வினீர் மிக மெல்லியது, ஒரு நிமிடத்தில் அடியில் உள்ள பிளைவுட் வந்துவிடும். அரக்குப் பாலிஷைக் கையால் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போட்டால் வெள்ளை பூத்துவிடும், தை முதல் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள்.

10. கேட்பது

மொட்டை மாடியில் சில மீட்டர் கம்பியைக் கட்டி வளவு வழியாக இறக்கினால் மீடியம் வேவ் நன்றாக எடுக்கும். பழைய டயலில் மீட்டர் கணக்கு இருக்கும். கிலோஹெர்ட்ஸ் எண்ணால் 300000ஐ வகுத்தால் மீட்டர் வரும். திருச்சி வானொலியின் 936 என்றால் சுமார் 320 மீட்டர். இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் இரைச்சல் போடும், அணைத்துப் பாருங்கள். இடி மின்னல் வரும்போது கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

போனில் உள்ள பாட்டைக் கேட்க வேண்டுமானால் பின்னால் உள்ள, ரெக்கார்டு ஊசியின் ஒலியை உள்ளே கொடுக்கும் பிக்கப் சாக்கெட்டில் கொடுக்கலாம், இடது வலது இரண்டையும் நேரடியாகச் சேர்க்காமல் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து. இது டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு மட்டும். ஏசி டிசி செட்டில் போனை மாட்டினால் மெயின் கரண்ட் உங்கள் கைக்கு வரும்.

வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வெளியூர் போகும்போது ரெக்கார்டு பொறியை ஆப் நிலையில் விட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் ரப்பர் சக்கரம் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்து, அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டொக்கென்று கேட்கும்.